நடுவில் நிற்கும் சுவிட்ச்

டீச்சரம்மாவிடம் கேள்வியோடு வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் வருவார்கள். சுப்புரத்தினம் சனிக்கிழமை மத்தியானமே வந்து நின்றார். அவருக்கு ஒரு நாள் பொறுக்க முடியவில்லை.

டீச்சரம்மா எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியவர் இல்லை. சுப்புரத்தினத்தைவிட வயதில் இளையவரும்கூட. ஆனாலும் மனசு முட்டிக்கொண்டு நின்றால் அவருக்குக் கால் இந்த வீட்டுக்குத்தான் வரும்.

டீச்சரம்மா கார் ஷெட்டில் இருந்தார். தன் பழைய சின்னக் காரை கேஸில் ஓடும்படி தானே மாற்றிக்கொண்டிருந்தார். டிக்கிக்குள் சிலிண்டர் உட்கார்ந்துவிட்டது. ஸ்டீயரிங் பக்கத்தில் புதிதாக ஒரு சுவிட்ச். கை முழுக்கக் கறுப்பு.

"என்னங்க, இன்னைக்கே?"

"சாயந்திரம் தம்பி வர்றானுங்கம்மா."

தம்பி தெய்வசிகாமணியோடு அவருக்கு ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை. அம்மா சாகக் கிடந்தபோது தம்பி தகவல் சொல்லவில்லை. இவர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. போன வாரம் ஒரு கல்யாண வீட்டில் தம்பி கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். இவரும் அவனைக் கட்டிக்கொண்டு அழுதார். எல்லாம் விட்டுப்போச்சுடா என்று சொல்லி, வீட்டுக்குச் சாப்பிடவும் கூப்பிட்டுவிட்டார்.

"காலையில அவனுக்குப் பிடிக்குமேன்னு வாழைப்பூ வாங்கினேங்க. வீட்டுக்கு வர்ற வழியிலேயே பத்திக்கிட்டு வந்துருச்சு. அம்மா முகத்தைப் பார்க்க விடாதவனுக்கு வடை ஒரு கேடான்னு."

டீச்சரம்மா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கு நான் மன்னிச்சேனா, நடிச்சேனா? எனக்கே புரியலைங்கம்மா. அவன் முன்னாடி உக்காந்தா எதையாவது கொட்டிருவேன். இந்தத் தடவை போனான்னா திரும்பி வரமாட்டான்."

டீச்சரம்மா கையைத் துணியில் துடைத்தார். ஷெட் கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்தார்.

"ஏறி உக்காருங்க. வண்டியை எடுத்துப் பார்க்கணும்."

ஆறுதலாக நாலு வார்த்தை கேட்க வந்தவருக்கு டிரைவர் சீட் கிடைத்தது. பாவம், மறுத்துப் பேசத் தெரியாத மனுஷன். ஏறினார்.

"பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணுங்க. பண்ணிட்டு கேஸுக்கு மாத்துங்க."

ஸ்டார்ட் செய்தார். சுவிட்சை ஒரே தள்ளாக இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளினார். வண்டி நாலு உதறு உதறிவிட்டு நின்றுபோனது.

"ரெண்டும் ஒண்ணா உள்ள போனா மூச்சு முட்டும். நடுவுல ஒரு நிலை இருக்கு பாருங்க. அதுல வையுங்க."

மறுபடி பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து நடுவில் வைத்தார். வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

"இப்ப எது திறந்திருக்குங்கம்மா?"

"ரெண்டும் அடைச்சிருக்கு."

"அப்புறம் எதுல ஓடுது?"

"கார்புரேட்டர்ல மிச்சம் இருக்கிற பெட்ரோல்ல."

"அது எப்பத் தீரும்?"

"தீர்றப்ப இருமும். அப்ப கேஸுக்கு மாத்துங்க."

சுப்புரத்தினம் சுவிட்சில் கை வைத்துக் காத்திருந்தார். இன்ஜின் இருமியது. வண்டி முழுக்க நடுங்கியது. அவருக்குப் பகீரென்றது. கை தன்பாட்டுக்குப் பெட்ரோல் பக்கம் தள்ளிவிட்டது. வண்டி பழையபடி நன்றாக ஓடியது.

டீச்சரம்மா வாய்விட்டுச் சிரித்தார். சுப்புரத்தினத்துக்கு எரிச்சல் வந்தது. தம்பி வருகிற நேரத்தில் இங்கே உட்கார்ந்து சுவிட்ச் தள்ளிக்கொண்டிருக்கிறோமே என்றிருந்தது.

"மறுபடி நடுவுல வையுங்க."

வைத்தார். "நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலைங்கம்மா. மன்னிச்சேனா, நடிச்சேனா?"

டீச்சரம்மா ஜன்னலில் கையூன்றிக் குனிந்தார்.

"இப்ப இது பெட்ரோல் வண்டியா, கேஸ் வண்டியா?"

பெட்ரோல் என்று சொல்ல வாயெடுத்தார். பெட்ரோலைத்தான் அடைத்தாயிற்றே. கேஸ் என்று சொல்லலாமென்றால் அது இன்னும் வரவேயில்லை. வண்டியோ ஓடிக்கொண்டிருந்தது.

சட்டைப்பையில் போன் அடித்தது. மனைவி பேசினாள். "உங்க தம்பி சீக்கிரமே வந்துட்டாருங்க. அத்தை போட்டோ முன்னாடியே நின்னுக்கிட்டிருக்காரு. உக்காருங்கன்னா அண்ணன் வரட்டும்ங்கறாரு."

போனை வைத்ததும் நெஞ்சுக்குள் அந்தப் பழைய சூடு குப்பென்று ஏறியது. யார் போட்டோ முன்னால் யார் நிற்பது.

"கோபம் அப்படியேதான் இருக்குங்கம்மா. நான் எப்படிங்க போய் அவன் முகத்தைப் பார்ப்பேன்?"

அந்த நேரம் பார்த்து இன்ஜின் இருமியது. வண்டி நடுங்கியது. அவர் கை சுவிட்சுக்குப் போய், எந்தப் பக்கம் தள்ளுவதென்று தெரியாமல் அப்படியே நின்றது.

"இருமட்டும்ங்க," என்றார் டீச்சரம்மா. "மிச்சம் இருக்கிறது தீருது, அவ்வளவுதான். பயந்து பெட்ரோலைத் திறந்துடாதீங்க."