மறுபடி வரிசையில்

கணினிக்குள் எதைச் சேமிப்பதென்றாலும் அது ஒரு கோரிக்கையாக வரிசையில் நின்றுதான் டிஸ்க்கைப் போய்ச் சேரும். அந்த வரிசையை மேய்க்கும் நிரலுக்கு மூன்று பொறுப்பாளிகள். அவர்களில் ஒருத்தி நித்திலா. யார் எந்த வரியைத் திருத்தினாலும் மூவரில் ஒருவர் படித்துப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். நித்திலாவுக்குப் பாடம் சொல்ல நேரம் இருந்தது. சரி சொல்லத்தான் இருந்ததில்லை.

அவளிடம் பாடம் கேட்டவர்களில் ஆவுடையப்பன் ஒருவர். குருவைவிடப் பதினைந்து வயது மூப்பு. ஆற்று நீர்மட்ட அலுவலகத்தில் கணினி பார்த்துக்கொள்பவர். அவள் அவரை சார் என்பாள், அவர் அவளை மேடம் என்பார். எல்லாம் கடிதத்தில்தான். ஐப்பசி வெள்ளம் வடிந்து பத்தாம் நாள், ராத்திரி பஸ்ஸில் கிளம்பி, சொல்லாமல் கொள்ளாமல் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

தண்ணீர் கொடுத்தாள். வாங்கினார், குடிக்கவில்லை.

"ஒரே ஒரு சந்தேகம் மேடம். டிஸ்க் 'இப்ப முடியாது'ன்னு சொன்னா கோரிக்கையை மறுபடி வரிசையில போடறோம். எத்தனை தடவை போடலாம்?"

இந்தக் கேள்விக்காக யாரும் ராத்திரி முழுக்க பஸ்ஸில் வர மாட்டார்கள்.

"வெள்ளத்தன்னைக்கு என்ன ஆச்சு சார்?"

"டிஸ்க் செத்துக்கிட்டு இருந்துச்சு. நம்ம நிரல் அதை யார்கிட்டயும் சொல்லல. புது நீர்மட்டம் வரும், எழுதப் பார்க்கும், முடியாது, திரும்ப வரிசையில போடும். ஆறு மணி நேரம் இதே வேலை. திரையில காலை மட்டமே நின்னுச்சு. எழுத முடியலைன்னு ஒரு வார்த்தை வந்திருந்தா மணி அடிச்சிருக்கும். நானே இறங்கிப் போய் அளவுகோலைப் பார்த்திருப்பேன்."

"ஜனங்க?"

"மேட்டுக்கு ஓடிட்டாங்க. உயிருக்கு ஒண்ணுமில்ல. வெத்தலைக் கொடிக்கால்தான் அத்தனையும் போச்சு. பதினோரு குடும்பம். முன்னாடியே தெரிஞ்சிருந்தா வாய்க்கால் மதகை அடைச்சிருப்பாங்க."

நித்திலா மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள். ஆடி மாதம் அவர் அனுப்பிய திருத்தம் அதில் இருந்தது. ஐந்து முறை முயன்றும் முடியாவிட்டால், முடியவில்லை என்று, சேமிக்கச் சொல்லிக் கேட்டவனிடமே சொல்லிவிடு. அவ்வளவுதான். பொறுப்பாளி சரி சொல்லாத எதையும் அவர் அலுவலகத்தில் ஏற்றக் கூடாது என்பது விதி.

கீழே அவள் எழுதிய பதில்கள். ஆடியில், 'பிறகு பார்க்கிறேன் சார்.' ஆவணியில், 'வரிசையில் இருக்கிறது.' புரட்டாசியில், 'மறக்கவில்லை, அடுத்த தடவை கட்டாயம்.'

ஆவுடையப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அதைக் காட்ட நான் வரல மேடம். அஞ்சுங்கற கணக்கு சரியான்னு கேட்கத்தான் வந்தேன்."

"ஆடியிலயே நான் முடியாதுன்னு எழுதியிருந்தா?"

அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்ல ஆசைப்பட்டது போலிருந்தது. வரவில்லை.

"மத்த ரெண்டு பேர்ல யார்கிட்டயாவது போயிருப்பேன். இல்லேன்னா டிஸ்க்கை மாத்துன்னு ஆபீஸ்ல சண்டை போட்டிருப்பேன். நீங்க பாக்கறேன்னு சொன்னீங்க. அதனால சும்மா இருந்துட்டேன்."

மாட்டேன் என்று சொல்லி யார் மனசையும் நோகடித்ததில்லை என்று நித்திலாவுக்கு இத்தனை நாள் ஒரு பெருமை. இப்போது கூசியது. நல்ல பெயர் கெடக் கூடாதே என்ற பயம்தான் அது. வேறொன்றுமில்லை.

திருத்தத்தைத் திறந்து படித்தாள். ஒன்பது வரி. சரி என்று எழுதினாள். எல்லாம் சேர்த்து நான்கு நிமிடம் ஆனது.

பிறகு, அவளுடைய சரிக்காகக் காத்திருந்த மற்றத் திருத்தக் கடிதங்களை எண்ணினாள். நாற்பத்தேழு. ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கில் வரி. எல்லாவற்றுக்கும் ஒரே பதிலை அடித்தாள்: 'என்னால் பார்க்க முடியாது. வேறொருவரிடம் கொடுங்கள்.'

ஆவுடையப்பன் பதறிப்போனார். "மேடம், நாற்பத்தேழு பேரும் உங்க மேல கோவிச்சுக்குவாங்களே!"

"கோவிச்சுக்கட்டும் சார்," என்றாள் நித்திலா. "கோவம் வந்தா எழுந்து போய் வேற கதவைத் தட்டுவாங்க. உங்க கொடிக்கால்காரங்களுக்கு அதுகூடக் கிடைக்கல."