ரோபோவின் விக்கல்

பழைய ஆங்கிலப் படமான ‘விண்கோட்டை’யை, அதையே மறுபடி எடுத்த புதுப்படம் கெடுத்துவிட்டதா என்று கோவையில் ரசிகர்கள் மல்லுக்கு நின்றார்கள். மன்றத் தலைவர் குணசீலன் மைக்கைப் பிடித்தார்.

“பழைய தமிழ் டப்பிங்கில், ‘பூமியே... ஹிக்... போய்வருகிறேன்’ என்று ரோபோ விக்கும். இயந்திரத்துக்கே துக்கம் தொண்டையை அடைத்தது! புது ரோபோ விக்கவே இல்லை. அந்த விக்கலை யாராவது விக்கிக் காட்டுங்கள். முடியாவிட்டால் புதுப்படத்தைப் புறக்கணிப்போம்!”

கடைசி வரிசையில் காய்கறிப் பையோடு இருந்த ஜெசிந்தா என்ற பெண்மணி எழுந்தார். மைக்கே இல்லாமல், “பூமியே... ஹிக்... போய்வருகிறேன்” என்றார். அச்சு அசல் அதே குரல்! அரங்கம் அதிர்ந்தது.

“ரோபோவுக்குப் பேசினது நீங்களா அம்மா? அந்தச் சோகம் எப்படி வந்தது?” தலைவர் தழுதழுத்தார்.

“சோகமெல்லாம் இல்லீங்க. பேசறப்ப நிஜமாவே விக்கல் எடுத்துடுச்சு. தண்ணி கேட்டேன், ஒருத்தரும் தரலை. புதுப்படத்துக்கும் நான்தானுங்க பேசினேன். இந்தத் தடவை தண்ணி குடுத்துட்டாங்க.”