பெயர் வெட்டிய டம்ளர்

"டீ குடுக்கிறவங்க டம்ளரும் குடுக்கணும். டம்ளரைத் தூக்கிட்டு வந்து நிக்க என்னால ஆகாது. பேப்பர் கப் இருந்தா ஊத்து, இல்லைன்னா விடு."

போஸ்ட்மாஸ்டர் அருளப்பன் இதையே திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரு சொல் மாறவில்லை. ஓய்வு பெற்று, மகன் வீட்டோடு இந்த ஊருக்கு வந்தவர். அதட்டிப் பேசத் தெரியாத மனிதர். ஆனாலும் மாதா கோயில் திருவிழாவின் டீ வரிசை முழுக்க அவரால் நின்றுபோயிற்று.

எதிரே ஜெசிந்தா. கல்லூரியில் கடைசி வருஷம், இளைஞர் மன்றத்துக்குத் தலைவி.

"சார், ஞாயித்துக்கிழமை பூசையிலயே அறிவிச்சோமே. வீட்டுல இருந்து டம்ளர் கொண்டு வந்தாத்தான் டீ. உங்களுக்கு மட்டும் பேப்பர் கப் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க."

அவள் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. போன திருவிழாவில் அடித்த காற்றில் பேப்பர் கப்புகள் கோயில் கிணற்றுக்குள் விழுந்து ஊறி, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் குடிதண்ணீர் கெட்டுப்போயிற்று. இந்த வருஷம் ஜெசிந்தாவும் கூட்டாளிகளும் வீடு வீடாகப் போய்ப் பேசி, டம்ளர் கொண்டு வரச் சம்மதிக்க வைத்தார்கள். பங்குச் சாமியார் அரை மனதாகத்தான் தலையாட்டினார்: "மைதானத்துல ஒரே ஒரு பேப்பர் கப் கிடந்தாலும் அடுத்த வருஷம் பழையபடிதான்." ஒன்றுகூடக் கிடக்காது என்று ஜெசிந்தா வாக்குக் கொடுத்திருந்தாள்.

அண்டாவுக்குப் பின்னால் கரண்டியோடு நின்றவள் ரெஜினா, ஜெசிந்தாவின் அம்மா. வரிசை என்றால் நகர வேண்டும். நகராத வரிசையைக் கண்டால் அவளுக்கு உச்சந்தலை சூடேறும். விறகுப் புகை ஒரு பக்கம், மகள் பேசும் சட்டம் ஒரு பக்கம். ஊருக்கெல்லாம் டம்ளர் சட்டம் சொல்லும் இந்த மகள், வீட்டில் குடித்த டம்ளரை எறும்பு மொய்க்கும்வரை மேசையிலேயே விட்டுவைப்பாள் என்பது ரெஜினாவுக்கு மட்டும் தெரியும்.

மன்றத்தில் ஆன்டோ என்று ஒருவன். முகவாட்டம் பொறுக்காதவன். "இருங்க சார், நான் பார்த்துக்கறேன்" என்று பைக்கை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் பறந்தான். ஒரு பேப்பர் கப் வாங்கிவந்து, அவர் குடித்ததும் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் சாமியாருக்கு என்ன தெரியப்போகிறது என்பது அவன் யோசனை.

ரெஜினா அவன் திரும்பும்வரை பொறுக்கவில்லை. தான் குடித்துக்கொண்டிருந்த டம்ளரின் மிச்ச டீயை மண்ணில் கொட்டினாள், வாளித் தண்ணீரில் அலசினாள், நிரப்பி நீட்டினாள். கல்யாணச் சீரில் வந்த எவர்சில்வர் டம்ளர். விளிம்புக்குக் கீழே 'ரெஜினா' என்று பெயர் வெட்டியிருந்தது.

அருளப்பன் அதை வாங்கிப் பெயரைப் படித்தார். "தூக்கிக் குடிக்கணுமாம்மா?"

"கொதிக்கிற டீயைத் தூக்கிக் குடிச்சா தொண்டை என்னத்துக்கு ஆகும்? வாய் வெச்சுக் குடிங்க சார். சீக்கிரம், பின்னால ஊரே நிக்குது."

வாய் வைத்துக் குடித்தார். சீக்கிரமாகக் குடிக்கவில்லை. கழுவித் திருப்பிக் கொடுக்கும்போது, தாழ்ந்த குரலில் சொன்னார்:

"சின்ன வயசுல எங்க ஊர் டீக்கடையில எல்லாருக்கும் கண்ணாடி கிளாஸ் இருந்துச்சு. எங்க தெரு ஆளுங்க மட்டும் டம்ளர் கொண்டு போகணும். அதுல படாம மேல இருந்து ஊத்துவாங்க. பேப்பர் கப் வந்த பிறகுதான் அடுத்தவங்க கையில இருக்கிறதே என் கையிலயும் இருந்துச்சு. பாப்பாவைத் தப்பு சொல்லலம்மா."

ஜெசிந்தாவுக்கு அது கேட்டது. அந்த நேரம் பார்த்து ஆன்டோ பேப்பர் கப்போடு வந்து நின்றான். அவள் பார்த்த பார்வையில், அதைக் கசக்கிப் பைக்குள் திணித்துக்கொண்டான். மைதானத்தில் ஒரு பேப்பர் கப்பும் விழவில்லை. வாக்கு நின்றது.

இனி நீங்கள் சொல்லுங்கள். கிணற்றை நினைத்து மறுத்தாள் ஜெசிந்தா. மனிதரை நினைத்து ஓடினான் ஆன்டோ. வரிசையை நினைத்துத் தன் டம்ளரையே கொடுத்தாள் ரெஜினா. இம்மூவரில் யார் செய்தது சரி?

விடை: ரெஜினா என்று சட்டென்று சொன்னவர்கள் பாதி விடைதான் சொன்னீர்கள். ஜெசிந்தா எல்லாருக்கும் ஒரே சட்டம் போட்டாள். அதே சட்டத்தில் ஒரு தெரு ஏற்கெனவே நின்று அவமானப்பட்டது அவளுக்குத் தெரியாது. ஆன்டோவிடம் இரக்கம் இருந்தது. ஆனால் ஊரே எவர்சில்வரில் குடிக்க ஒருவருக்கு மட்டும் பேப்பர் கப் என்றால், அதுவும் தனிக் குவளைதான். ரெஜினா யோசிக்காமல் கொடுத்தாள். அதனால்தான் அது சரியாக அமைந்தது. யோசித்துக் கொடுத்திருந்தால் பிச்சையாகியிருக்கும். யோசித்துச் செய்ய வேண்டிய மறு பாதியை ஜெசிந்தா செய்தாள். அடுத்த வருஷம் யாரும் எதுவும் கொண்டு வர வேண்டாம் என்றாள். அந்த வருஷம் வந்தபோது, வீடுகளில் முன்கூட்டியே கேட்டு வாங்கிய டம்ளர்கள் ஒரே கூடையில் கலந்து கிடந்தன. கைக்கு வந்ததில் குடிக்க வேண்டியது. அருளப்பன் கைக்கு யார் பெயரோ வந்தது. அவர் பெயர் வெட்டிய டம்ளரில் சாமியார் குடித்தார்.

அந்தத் திருவிழா முடிந்தபோது குழாயடியில் டம்ளர்கள் மலையாகக் குவிந்திருந்தன. ரெஜினா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கொடிமரத்தடியில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்த மன்றத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். ஜெசிந்தா உட்பட ஒரு தலையும் திரும்பவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் கூப்பிட்டாள்:

"ரெண்டே ரெண்டு பேர் கழுவ வாங்களேன்ப்பா."