கண்ணில் படாத பலகை

ஒரு காட்டில் சித்திரவேலு என்றொரு பச்சோந்தி இருந்தது, குழந்தைகளே. படம் வரைவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அதன் நினைப்பு. அது வரைந்த படங்களை யாரும் பார்த்ததில்லை. அதனால் யாரும் குறை சொன்னதும் இல்லை.

ஒருநாள் சிவகாமு என்ற முயல் மூச்சு வாங்க ஓடி வந்தது.

"அண்ணே! பாதையோரமா இருக்கற பாழுங்கிணத்தைப் புல்லு மூடிக்கிடுச்சு. உள்ளே ஒரே சேறு. என் குட்டிங்களுக்கு நடக்கவே தெரியாது, ஓடத்தான் தெரியும். விழுந்தா மூக்குகூட வெளியே தெரியாது. ஒரு பலகை எழுதி வையுங்க. அதுங்களுக்குப் படிப்பு வராது, படமாவே போடுங்க."

"கவலையை விடு தங்கச்சி. என் கை பட்டா பலகை அப்படியே காட்டோட பொருந்திப் போயிடும்!" என்றது சித்திரவேலு.

சொன்னபடியே செய்தது. புல்லின் பச்சையைப் பலகைக்குப் பூசியது. கிணற்றை இலையின் பச்சையில் வரைந்தது. சுற்றிலும் கொடி விட்டது. கொடியில் மொட்டு வைத்தது. ஓரிரண்டு இலைகளில் புழு அரித்த ஓட்டைகூடப் போட்டது. பலகையைக் கிணற்றுக்கு முன்னால் நட்டுவிட்டு, தள்ளி நின்று பார்த்தது.

பலகையைக் காணவில்லை!

சித்திரவேலுவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. "ஆகா! எங்கே நட்டேன்னு எனக்கே தெரியலையே!"

அப்போது சிவகாமு வந்தது. இப்படிப் பார்த்தது, அப்படிப் பார்த்தது.

"பலகை எங்கேண்ணே?"

"உன் மூக்குக்கு நேரேதான் இருக்கு. தடவிப் பாரு."

"ஓடி வர்ற பிள்ளை தடவிப் பார்த்துக்கிட்டா வரும்? கொஞ்சம் எடுப்பா இருக்க வேண்டாமா?"

"எடுப்பாவா?" சித்திரவேலு முகம் சுளித்தது. "எடுப்பா இருந்தா பருந்து தூக்கிட்டுப் போயிடும். எங்க வம்சத்துல எடுப்பா இருந்தவன் எவனும் உயிரோட இல்லை, தெரியுமா?"

"பலகையைப் பருந்து தின்னுமாண்ணே?"

"உனக்கு ரசனை பத்தாது" என்று சொல்லிவிட்டுச் சித்திரவேலு பலகையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. உட்கார்ந்ததும் அதுவும் பச்சையாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் காட்டுப்பன்றி கட்டாரி அங்கே வந்தது. முதுகில் அரிப்பு. புதர் என்று நினைத்துப் பலகையில் முதுகைச் சொரிந்தது. "சுகமா இருக்கு" என்று கண்ணை மூடி ஓர் எட்டு பக்கவாட்டில் வைத்தது.

தொபுக்கடீர்!

"ஐயோ! எந்தப் பாவியாவது இங்கே ஒரு பலகை வைக்கக் கூடாதா?" என்று கிணற்றுக்குள்ளிருந்து கத்தியது.

"வச்சிருக்கு மாமா!" என்றது சித்திரவேலு.

"எங்கேடா வச்சே? அடுத்த காட்டிலயா?"

"நீங்க முதுகு சொரிஞ்சதே அதுலதான். எப்படிப் பொருத்தம் பார்த்தீங்களா?"

பன்றி என்ன சொல்லித் திட்டியதோ, அதற்குள் சிவகாமு அலறியது. அதன் குட்டிகள் பந்தயம் வைத்துப் பாதையில் பாய்ந்து வந்துகொண்டிருந்தன.

"நில்லுங்க! கிணறு! கிணறு!"

சிரித்துக்கொண்டே ஓடுகிற குட்டிகளுக்கு அம்மா கத்துவது எப்போது காதில் விழுந்திருக்கிறது? நேராகப் பலகையை நோக்கி வந்தன. அங்கே பலகை என்று ஒன்று இருந்தால்தானே அவற்றுக்கு!

சித்திரவேலு கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தது. பன்றிக்குச் சேறு மெத்தை. இந்தப் பொடிசுகளுக்கு? வானத்தை ஒருமுறை பார்த்தது. பிறந்தது முதல் செய்யாத காரியத்தைச் செய்யத் துணிந்தது. கண்ணை இறுக மூடியது. உடம்பை ஊதியது. தலை முதல் வால் வரை மிளகாய்ப் பழம் போலச் சிவந்து, அத்தனை பச்சைக்கும் நடுவே எழுந்து நின்றது!

"ஐயோ, என்னமோ சிவப்பா!" என்று முன்னால் வந்த குட்டி காலை ஊன்றி நின்றது. பின்னால் வந்தவை அதன்மேல் மோதி உருண்டன. விளிம்பிலிருந்து ஒரு கல் மட்டும் உள்ளே விழுந்தது.

"இப்ப எவன்டா கல்லை விட்டு எறியறது?" என்றது பன்றி.

சிவகாமு குட்டிகளை வாரி அணைத்துக்கொண்டது. அழுகையும் சிரிப்புமாக, "இப்பதாண்ணே பலகை தெரியுது" என்றது.

சித்திரவேலு கொடியையும் மொட்டையும் சுரண்டி எடுத்தது. பலகை முழுக்க வெள்ளை அடித்தது. நடுவில் கறுப்பாக ஒரு கிணறு, அதில் தலைகீழாக விழும் ஓர் உருவம். அவ்வளவுதான், தூரிகையைக் கீழே வைத்துவிட்டது.

"பூ போடலையா மாமா?" என்றது ஒரு குட்டி.

"போட்டா பூவைப் பார்த்துக்கிட்டே உள்ளே போயிடுவே."

யானை வந்து கொடி கட்டி இழுக்க, கட்டாரி சேறு சொட்டச் சொட்ட மேலே வந்தது. வந்ததும் அதன் கண்ணில் முதலில் பட்டது பலகைதான். விழும் உருவத்துக்குத் தொப்பை இருந்தது. வெளியே நீட்டிய கோரைப்பல்லும் இருந்தது.

"ஏன்டா, இதுல விழறது யாரு?"

"தெரியுதா மாமா?" என்றது சித்திரவேலு ஆவலாக.

"நல்லாத் தெரியுதுடா, பாவி!" என்று கட்டாரி அதைத் துரத்தத் தொடங்கியது.

நீதி: பிறருக்காக வரையும் படம் முதலில் அவர்கள் கண்ணில் பட வேண்டும், அழகெல்லாம் அதற்குப் பிறகுதான்.