எலியேசர் தாத்தாவின் குல்லா

கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்ன சபை. அதன் ஆயர் ரூபாவதி அம்மாவுக்கு நாற்பது வயது. அவரிடம் ஊழியம் கற்றுக்கொள்ள வந்த கிதியோன் சாருக்கு அறுபத்தொன்று. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். முப்பது வருஷம் அவர் பேசும்போது யாரும் குறுக்கே பேசியதில்லை. ஓய்வுபெற்ற பிறகும் யாருக்கும் அந்தத் துணிச்சல் வரவில்லை.

ஜனவரி மாதம். புல்வெளியெல்லாம் உறைபனி. காலை ஏழு மணிக்கே கிதியோன் சார் ஆயர் வீட்டுக்கு வந்துவிட்டார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. கொடுத்த காபியை ஜன்னல் விளிம்பில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"ஆயரம்மா, என் ஜெபத்தை ஆண்டவர் கேக்கிறாரா, இல்லையா?"

"என்ன ஆச்சு சார்?"

"எலியேசர் தாத்தா வீட்டுக்கு ஒன்பது நாளா போறேன். நான் போகப் போகத்தான் அவருக்கு இருமல் கூடுது. நேத்து நர்ஸம்மா கையை விரிச்சிட்டாங்க. நெஞ்சுல சளி கட்டிடுச்சாம். இன்னும் கொஞ்சம் குளிர் ஏறினா தாங்க மாட்டாராம்."

எலியேசர் தாத்தா தேயிலைத் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்தவர். தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றில் தனியாக இருக்கிறார். சபையில் அவரைப் பிடிக்காதவர்கள் இல்லை.

"என் விசுவாசத்துலதான் குறை. அதனால நேத்து ராத்திரியிலேர்ந்து உபவாசம் இருக்கேன்."

"அப்புறம் ஏன் காபியை வாங்கினீங்க?"

"நீங்க குடுத்தீங்களே. எப்படி வேண்டாம்னு சொல்றது?"

ஆயரம்மா சிரித்தார். காபி ஆறிக்கொண்டிருந்தது.

"தாத்தா வீட்டுல எப்படி ஜெபம் பண்ணுவீங்க?"

"முழுசா பண்ணுவேன். முக்கால் மணி நேரம். ஒண்ணையும் விடறதில்ல."

"அப்ப தாத்தா?"

"அவரு பயபக்தியான மனுஷன். நான் வேதத்தைத் திறந்ததும் குல்லாவைக் கழற்றி மடியில வெச்சுப்பார். போர்த்தின கம்பளியையும் மடிச்சு ஓரமா வெச்சிடுவார். ஆண்டவர் முன்னால போர்த்திக்கிட்டு உக்காரக் கூடாதாம். அக்கம்பக்கத்து ஜனங்க வந்து சேர்ந்துக்கட்டும்னு கதவைத் திறந்தே வெப்பார்."

சொல்லும்போது சாருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஆயரம்மா எழுந்தார். "வாங்க சார். அவருக்காக இப்பவே ஜெபிப்போம்."

பக்கத்திலிருந்த சபைக் கோவிலுக்குள் போகவில்லை. வெளியே, உறைபனி மேல் போய் நின்றார். தன் சால்வையை மடித்துச் சுற்றுச்சுவர் மேல் வைத்தார்.

"குல்லாவைக் கழற்றுங்க சார். மஃப்ளர், கோட்டு எல்லாம்தான்."

ஆண்கள் தலை திறந்து, பெண்கள் முக்காடிட்டு ஜெபிப்பது சபை வழக்கம். ஆயரம்மா சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். சாரின் வழுக்கைத் தலையில் காற்று அடித்தது.

ஆயரம்மா உலகம் உண்டான நாளிலிருந்து ஆரம்பித்தார். ஆதாம், நோவா, ஆபிரகாம் என்று வந்தார். நாடுகளுக்காக, அவற்றை ஆள்கிறவர்களுக்காக, ஆஸ்பத்திரிகளுக்காக ஜெபித்தார். வார்த்தைக்கு வார்த்தை கிதியோன் சார் வழக்கமாகச் செய்கிற ஜெபம்.

சார் காலை மாற்றி மாற்றி நின்றார். மூக்கு ஒழுகியது. காது வலித்தது. எலியேசர் தாத்தாவை நினைக்கப் பார்த்தார். நினைவெல்லாம் சுவரில் கிடந்த குல்லாவிலேயே நின்றது.

"...பள்ளிக்கூடங்களுக்காகவும், அவற்றின் தலைமையாசிரியர்களுக்காகவும்..."

"ஆயரம்மா, முடியல. ஆமென் சொல்லிடுங்க!"

ஆயரம்மா கண்ணைத் திறந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏழு நிமிஷம்."

கிதியோன் சாருக்குப் பல் தந்தியடித்தது. சுவரிலிருந்து குல்லாவை எடுத்தார். முகம் மாறிவிட்டது.

"ஐயோ. தாத்தா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே..."

"காபியை நீங்க வேண்டாம்னு சொன்னீங்களா சார்?"

கிதியோன் சார் குல்லாவைக் கையிலேயே பிடித்துக்கொண்டு லைன் வீடுகளைப் பார்த்து ஓட்டமும் நடையுமாகப் போனார். போட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. கோட்டையும் மஃப்ளரையும் சால்வையையும் அள்ளிக்கொண்டு ஆயரம்மா பின்னாலேயே போனார்.

தாத்தா வழக்கம்போல் கதவைத் திறந்து வைத்துக் கட்டிலில் காத்திருந்தார். சாரைக் கண்டதும் கை குல்லாவுக்குப் போனது.

சார் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தார். "வேண்டாம் தாத்தா. இருக்கட்டும்."

அவரே குல்லாவைக் காது வரை இழுத்து விட்டார். கதவைச் சாத்தினார். கம்பளியை இழுத்துக் கழுத்து வரை போர்த்தினார். தன் கழுத்தில் மஃப்ளரைத் தேடி, அது இல்லாததால் ஆயரம்மாவிடமிருந்து வாங்கி, தாத்தாவின் கால்களில் சுற்றினார். பிறகு வெந்நீர் வைக்கப் போனார். வீட்டில் ஒருநாளும் அடுப்புப் பக்கம் போகாத மனுஷன். நான்கு தீக்குச்சிகள் வீணாயின.

நர்ஸம்மா கொடுத்த மாத்திரையை எடுத்துக் கொடுத்தார். வெந்நீரை ஊதி ஊதிக் குடிக்க வைத்தார். தாத்தாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஹெட்மாஸ்டர் தன் காலைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். வேதமோ இன்னும் பைக்குள்ளேயே இருக்கிறது.

"ஐயா, நேரமாகுதுங்களே. ஜெபம் எப்ப ஆரம்பிப்பீங்க?"

சார் தாத்தாவின் பாதத்தைப் பிடித்தபடியே ஆயரம்மாவைப் பார்த்தார்.

ஆயரம்மா அப்போதும் முக்காட்டை எடுக்கவில்லை.

"ஆரம்பிச்சு அரை மணி நேரம் ஆச்சு தாத்தா. குல்லாவைக் கழற்றிடாதீங்க."