ஆலையே கேட்ட பாட்காஸ்ட்

பனியன் ஆலை முதலாளி அவிநாசியப்பர் தன் வாழ்க்கைக் கதையைப் பாட்காஸ்ட்டாகப் பேசிவந்தார். கேட்கத்தான் ஈ காக்கை இல்லை.

"நாளைக்கு ஆலையே இதைக் கேக்கணும். இல்லேன்னா வேற வேலை பாத்துக்க" என்றார், அதைப் பதிவு செய்யும் செண்பகாவிடம்.

"கேக்க வச்சிடலாம் மொதலாளி."

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் மாடி ஜன்னலைத் திறந்தவர் அசந்துபோனார். முற்றம் கொள்ளாத கூட்டம், சோற்றில் கைவைக்காமல், போனில் அவர் குரலையே கேட்டுக்கொண்டிருந்தது. அவருக்குக் கண் கலங்கியது.

"என்னம்மா மாயம் பண்ணினே?" என்று பக்கத்தில் நின்ற செண்பகாவைக் கேட்டார்.

"பொங்கலுக்கு ஊருக்குப் போக எத்தனை நாள் லீவுன்னு கடைசியில சொல்வீங்கன்னு சொன்னேன்."

"நான் அதைப் பேசவே இல்லையே."

அதற்குள் அவர் பேச்சு முடிந்து, செண்பகா கடைசியில் பதிந்து வைத்திருந்த அவள் குரல் போன்களில் அடுத்தடுத்து வந்தது: "லீவை மொதலாளி இப்போ ஜன்னல்ல நின்னு சொல்வாங்க."

கூட்டம் மொத்தமும் அண்ணாந்து பார்த்தது. முதலாளி தொண்டையைச் செருமினார்.

"பத்து நாள்."

அவர் பேசியதிலேயே ஊர் ஊராகப் பரவியது அந்த இரண்டு வார்த்தைதான்.