திட்டிவாசலுக்கு வெளியே

தாழிட்ட திருக்கதவும் அடியார் தமிழுக்கு இரங்கித் திறக்க அருளிய பெருமான் திருவடி வாழ்க.

போர்க்களத்தில் வில்லெடுத்தவன்மேல் அம்பு பாயும். பொழுது சாய்வதற்குள் வெற்றியோ தோல்வியோ தெரிந்துவிடும். முற்றுகை அப்படியன்று. அங்கே பசிதான் படைக்கலம். அது வில்லெடுக்காதவரையே முதலில் தேடிச் செல்லும்.

வெண்குன்றக் கோட்டையைப் பகைவர் வளைத்து ஒரு மழைக்காலம் கழிந்திருந்தது. நெற்குதிர்களில் அடி தெரிந்தது. மன்னரின் துணைப்படை வரும் என்றார்கள். எப்போது என்பது தெரியாது. முதியோர், பெண்டிர், பிள்ளைகள் என ஆயுதம் ஏந்த இயலாதவர்கள் வெளியேறவேண்டும் என்று கோட்டைத் தலைவன் சேந்தன் ஆணையிட்டான். பார்வையற்ற தன் தந்தையைத்தான் முதலில் கைப்பிடித்து நடத்தி வெளியே விட்டான். அதனால் எவரும் மறுத்துப் பேசவில்லை.

பெருங்கதவில் ஓர் ஆள் குனிந்து நுழையுமளவு அமைந்த திட்டிவாசலைக் காத்தவன் கூத்தன். “பகைவனுக்கு இக்கதவை ஒருபோதும் திறவேன்” என்று சூலம் தொட்டுச் சூளுரைத்தவன். அவன் மனைவி நங்கையும் வெளியேறினாள். அவனே தாழிட்டான்.

பகைப்படைத் தலைவன் அவர்களை அகழிக்கு அப்பால் விடவில்லை. “இவர்களுக்கு வழிவிட்டால் உள்ளே சோறு நீளும், முற்றுகையும் நீளும். என் வீரர்களும் காய்ச்சலில் சாகிறார்கள். சேந்தன் பணியட்டும், அனைவருக்கும் சோறிடுகிறேன்” என்றான்.

மதிலுக்கும் அகழிக்கும் இடையே அவர்கள் புல்லைத் தின்றார்கள்.

நங்கை கதவோரம் வந்தமர்ந்தாள். “என்ன காவல்காரரே, கட்டியவளுக்கும் கதவடைப்புத்தானா?”

“ஆணை அப்படி, நங்கை.”

“ஆணை கிடக்கட்டும். கஞ்சியில் உப்பாவது இருந்ததா?”

“இருந்தது.”

“பொய். உமக்கு உப்புப் போடத் தெரியாது.” சிரித்தாள். “பிள்ளைகளையாவது உள்ளே வாங்கிக்கொள்ளுமேன்.”

கூத்தன் தாழைத் தொடவில்லை. மறுநாளும் கேட்டாள். அதற்கடுத்த விடியலில் குரல் இல்லை. அவன் கை தானே தாழை நீக்கிற்று. கதவில் சாய்ந்திருந்த நங்கை அவன் கால்மேல் சரிந்தாள், உடம்பு குளிர்ந்திருந்தது. அவளைக் கடந்து மற்றவர்கள் தவழ்ந்து வந்தார்கள். சேந்தனின் தந்தை அவர்களுள் இல்லை.

மீண்டும் துரத்தச் சேந்தனுக்கு மனம் வரவில்லை. கஞ்சியைப் பங்கிட்டான். குதிர்கள் ஒழிந்தன, கோட்டை விழுந்தது, அவன் வாயிலிலேயே மாண்டான். துணைப்படை வந்தபோது மதில்மேல் பகைவர் கொடி பறந்தது.

கோட்டையைக் காக்க எளியவரை வெளியேற்றிய சேந்தன், போரை விரைந்து முடிக்க அவர்களை மறித்த பகைத்தலைவன், கதவைத் திறந்து கோட்டையை இழப்பித்த கூத்தன்: அன்பர்களே, இம்மூவரில் யார் செய்தது சரி?

கூத்தன் செய்ததே சரி. அவன் சூளுரை பகைவனைக் குறித்தது. வெளியே கிடந்தவர் எவரும் பகைவர் அல்லர். மற்ற இருவரும் எளியவரின் பசியைப் படைக்கலமாக்கினர். ஆனால் நங்கை முதன்முதல் அழைத்தபோதும் அந்தச் சூளுரைக்கு இதே பொருள்தான். அதை நினைந்தே எஞ்சிய நாளெல்லாம் அவன் அழுதான்.

இதைக் கேட்டவர் இல்லத்தில் என்றும் உலை கொதிக்கட்டும். அழைப்பவர் குரல் ஓயுமுன் திறக்கும் நெஞ்சை ஈசன் அவர்க்கு அருள்வானாக.